16 ஆட்டங்கள், 16 ஜெர்சிகள்: சேலத்து அச்சுக்கடை ஒன்றில் பெற்ற அனுபவம்

அம்மாப்பேட்டையில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் சிறுவர்களுக்குக் கால்பந்து சொல்லித் தருகிறேன். அணியில் 16 பேர் இருக்கிறார்கள். சென்ற டிசம்பரில் அவர்களுக்குப் புதிய ஜெர்சி எடுக்க வேண்டியிருந்தது. ஆசியக் கோப்பைக் கால்பந்தின் பிரதானச் சுற்றில் இந்தியா இதுவரை ஆடியவையும் சரியாக 16 ஆட்டங்களே என்பது அப்போது நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு ஜெர்சியின் முதுகிலும் ஓர் ஆட்டத்தின் ஆண்டையும் எதிரணியையும் கோல் கணக்கையும், கோல் அடித்திருந்தால் அடித்தவரின் பெயரையும் தமிழிலேயே அச்சிட வேண்டும் என்று முடிவு செய்து, ஐந்து ரோட்டிலிருந்து சற்றுத் தொலைவில் ஒரு கட்டடத்தின் முதல் மாடியில் இயங்கும் அச்சுக்கடைக்குச் சென்றேன்.

கடை சிறியது. கணினி ஒன்று, நீளமான அச்சு இயந்திரம் ஒன்று, சூடேற்றி அழுத்தும் இயந்திரம் ஒன்று; மீதி இடம் முழுவதும் துணிச் சுருள்கள். ஆசியக் கோப்பை என்றதும் கிரிக்கெட் என்றே கடைக்காரர் எண்ணினார். விளக்கியதும் பட்டியலை வாங்கி முழுவதும் படித்துப் பார்த்துவிட்டு, "தோத்த மேட்ச்சையும் போடணுமாங்க?" என்று கேட்டார். 16 ஆட்டங்களில் 3 வெற்றி, 1 சமன், 12 தோல்வி. அடித்த கோல்கள் 12, வாங்கியவை 33. வென்றவற்றை மட்டும் அச்சிட்டால் 13 பிள்ளைகளுக்குச் சட்டை இருக்காது என்றேன். அதன் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. எந்த எழுத்து எந்த அளவில் இருந்தால் மைதானத்தின் மறுகோடியிலிருந்து படிக்க முடியும் என்பதை மட்டுமே பேசினார்.

துணியைப் பொறுத்தவரை, விளையாட்டுச் சட்டைகளுக்கான டாட் நிட் என்ற பின்னல் துணி வகையில் இரண்டு தடிமன்களைக் காட்டினார். நாங்கள் கனமானதைத் தேர்ந்தெடுத்தோம். எங்கள் பிள்ளைகளில் பலர் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் என்பதால் துணியை மதிப்பிடும் வேலையை நான் செய்யத் தேவையிருக்கவில்லை. ஒரு மாணவனின் தாத்தா மாதிரித் துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இரு கைகளாலும் இழுத்து விட்டு, அது தன் நிலைக்குத் திரும்புவதைக் கவனித்த பிறகே தலையசைத்தார். எண்ணையும் எழுத்தையும் வெட்டி ஒட்டும் முறையை விடுத்து, சாயம் துணிக்குள்ளேயே இறங்கும் சப்ளிமேஷன் அச்சைக் கடைக்காரரே பரிந்துரைத்தார். முந்தைய ஆண்டு வேறொரு கடையில் ஒட்டி வாங்கிய எண்கள் மூன்று மாதங்களில் உரிந்துபோன அனுபவம் எங்களுக்கு இருந்ததால் உடனே ஒப்புக்கொண்டோம்.

முதல் மாதிரியில்தான் பிழை வந்தது. தமிழ் எழுத்துகளை அவருடைய வடிவமைப்பு மென்பொருள் சிதைத்துவிட்டது. 'தென் கொரியா' என்பதில் கொம்பு முன்னே தனியாக நின்று 'ெகாரியா' என்றும், 'ஜெஜெ' என்ற வீரரின் பெயர் 'ெஜெஜ' என்றும் திரையில் தெரிந்தன. பல கடைகளில் இதைக் கண்டுகொள்ளாமலே அச்சுக்கு அனுப்பிவிடுவார்கள். நகரின் எத்தனையோ பேனர்களில் நாம் இதைப் பார்க்கிறோம். இவரோ அன்று மாலையே எழுத்துருவை மாற்றி, ஒவ்வொரு பெயரையும் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்து மறு மாதிரி அனுப்பினார். அதோடு, கடைசி மூன்று சட்டைகளில் 2023 என்று போடுவதா 2024 என்று போடுவதா என்று தொலைபேசியில் கேட்டார். போட்டியின் பெயர் 2023ஆம் ஆண்டுக்குரியது. கத்தாரில் ஆட்டங்கள் நடந்ததோ 2024 ஜனவரியில். கேட்காமல் ஏதோ ஒன்றை அச்சிட்டிருக்கலாம், அவர் கேட்டார். இந்தக் கடையை நான் பரிந்துரைப்பதற்கு முதன்மையான காரணம் இதுதான்.

சட்டைகள் கைக்கு வந்ததும் பிள்ளைகள் முதலில் எடுத்தது 2019இன் தாய்லாந்து ஆட்டத்தை. அபுதாபியில் இந்தியா 4-1 என்று வென்ற அந்த ஆட்டத்தில் சுனில் சேத்ரி இரண்டும், அனிருத் தாபா ஒன்றும், ஜெஜெ ஒன்றும் அடித்தார்கள். மூன்று பெயர்கள் கொண்ட சட்டை என்பதால் முதுகு நிறைந்து அழகாகவே இருக்கிறது. ஆசியக் கோப்பையில் அதற்கு முந்தைய வெற்றிக்கு 55 ஆண்டுகள் பின்னோக்கிப் போக வேண்டும் என்று சொன்னதும், அடுத்து 1964ஆம் ஆண்டுச் சட்டைகளுக்குப் பிள்ளைகளிடையே போட்டி வந்தது. அந்த ஆண்டு பல நாடுகள் விலகிக்கொண்டதால் இந்தியா தகுதிச் சுற்றில் ஆடாமலே இஸ்ரேலுக்குச் சென்றது. நான்கே அணிகள், ஒன்றோடொன்று மோதும் முறை. நேரு மறைந்த அதே மே 27ஆம் நாள் அப்பலராஜுவும் இந்தர் சிங்கும் கோல் அடிக்கத் தென் கொரியாவை 2-0 என்று வென்றது. இஸ்ரேலிடம் 0-2 என்று தோற்றது. ஹாங்காங்கை 3-1 என்று வீழ்த்தி இரண்டாம் இடம் பெற்றது. அந்த அணியின் தலைவர் சுனி கோஸ்வாமி. இன்றுவரை இந்தப் போட்டியில் நமது மிகச் சிறந்த நிலை அதுவே.

யாரும் எடுக்காமல் கிடந்தது 2011இன் பஹ்ரைன் சட்டை: 2-5. அந்த ஒரே ஆட்டத்தில் பஹ்ரைனின் இஸ்மாயில் அப்துல்லத்தீப் நான்கு கோல்கள் அடித்தார். ஆனால் அதே முதுகில் கௌரமாங்கி, சேத்ரி என்று இரண்டு பெயர்கள் இருக்கின்றன; 27 ஆண்டுகள் கழித்து இந்தப் போட்டிக்குத் திரும்பிய அணி அடித்த முதல் கோல்கள் அவை. 1984இல் நான்கு ஆட்டங்களிலும் 2024இல் மூன்று ஆட்டங்களிலும் இந்தியா ஒரு கோல்கூட அடிக்கவில்லை என்பதால், அந்த ஏழு சட்டைகளில் பெயருக்கான இடம் வெறுமையாகவே இருக்கிறது. இதைப் பிள்ளைகளுக்கு விளக்கியபோது ஒருவன் தானாக வந்து பஹ்ரைன் சட்டையை எடுத்துக்கொண்டான். எனக்கு இன்றும் மனம் வலிக்கும் சட்டை 2019இன் பஹ்ரைன் ஆட்டம்தான். சமன் செய்திருந்தாலே அடுத்த சுற்றுக்குப் போயிருக்கலாம். 90 நிமிடங்கள் முடிந்த பிறகு கொடுத்த பெனால்டியில் 0-1 என்று போட்டி கைநழுவிப் போனது.

இந்த 16 ஆட்டங்களில் இந்தியா கோல் வாங்காதவை இரண்டே இரண்டு: 1964இல் தென் கொரியாவுடன் வென்றதும், 1984இல் சிங்கப்பூரில் ஈரானுடன் 0-0 என்று முடித்ததும். எங்கள் அணியில் கோல்கீப்பர்களும் இரண்டு பேர். இதைச் சொன்னவுடன் அந்த இரண்டை மட்டும் மஞ்சளில் அச்சிடலாம் என்று யோசனை சொன்னவர் கடைக்காரர்தான். அதற்குத் தனிக் கட்டணம் வாங்கவில்லை.

குறை ஒன்று உண்டு. 10 நாட்களில் தருவதாகச் சொன்னவர் 17 நாட்கள் எடுத்துக்கொண்டார். ஏற்காட்டில் ஒரு பள்ளி அணியோடு நட்பு ஆட்டம் குறித்திருந்தோம். அன்று அதிகாலையில்தான் சட்டைகள் கைக்கு வந்தன. அவற்றை இஸ்திரிகூடப் போடாமல் பையில் திணித்துக்கொண்டு, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் பேருந்தில் கடக்கும்போதே பிள்ளைகளுக்குப் பங்கிட்டோம். தையலிலும் இரண்டு சட்டைகளில் கழுத்துப் பட்டி சற்றுக் கோணலாக இருந்தது. திருப்பிக் கொடுத்தபோது முகம் சுளிக்காமல் மறுநாளே சரி செய்து தந்தார். அவசரமாகத் தேவைப்படுவோர் ஒரு வாரம் கூடுதலாக ஒதுக்கிக்கொண்டு இங்கே ஆர்டர் கொடுப்பது நல்லது.

மலையில் அன்று பனிமூட்டம் அடர்ந்திருந்தது. எதிர்ப்பக்கக் கோல் கம்பம் சில நேரம் தெரியவே இல்லை. ஆனால் நீலத்தின் மேல் வெள்ளையில் இருந்த எண்கள் தெளிவாகத் தெரிந்தன. ஈரப் புல்லில் விழுந்து புரண்ட செம்மண் கறை இரண்டாம் துவைப்பில் போய்விட்டது. இதுவரை இருபது முறைக்கு மேல் துவைத்தாகிவிட்டது. எழுத்தில் வெடிப்போ மங்கலோ இல்லை. சட்டை ஒன்றுக்கு 320 ரூபாய் கொடுத்தோம், பாதி முன்பணமாக. இந்தத் தரத்துக்கு இது நியாயமான விலை என்பேன்.

பொங்கலுக்குப் பிறகு அணியில் 17ஆவதாக ஒரு பையன் சேர்ந்தான். வடிவமைப்பைக் கடைக்காரர் பத்திரமாக வைத்திருந்ததால் ஒரே ஒரு சட்டைக்கும் மறுப்புச் சொல்லவில்லை. தனியாக அடிப்பதால் 450 ரூபாய் ஆனது. முதுகில் எந்த ஆட்டத்தைப் போடுவது என்று கேட்டார். 2025 அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்றதோடு 2027ஆம் ஆண்டுப் போட்டிக்கான வாய்ப்பு போய்விட்டது. இந்தியாவின் 17ஆவது ஆட்டம் 2031க்கு முன் வர வழியில்லை. எண்ணை மட்டும் அச்சிடுங்கள், மேலே உள்ள இடத்தை அப்படியே விடுங்கள் என்றேன். பின்னால் அச்சிட வேண்டி வந்தால் வெளிர்நிறத் துணியில்தான் சாயம் இறங்கும் என்று சொல்லி, அந்த ஒரு பட்டையை மட்டும் வெள்ளையாக விட்டுத் தந்தார்.