ஒரு செக்கு, ஆறு வருஷம், நானூறு காலண்டர்

கோபிசெட்டிபாளையத்தில் 2019 தை மாதம் மரச்செக்கு எண்ணெய்க் கடை போட்டேன். அன்றிலிருந்து கல்லாப்பெட்டி பக்கத்தில் ஒரு நீள நோட்டு கிடக்கிறது. புது முகம் யார் வந்தாலும் "நம்ம கடை எப்படிங்க தெரியும்?" என்று கேட்டு ஒரு வரி எழுதிவிடுவேன். எந்த விளம்பரத்தில் போட்ட காசு திரும்பி வந்தது என்று கேட்கிறவர்களுக்கு அந்த நோட்டைப் புரட்டித்தான் பதில் சொல்கிறேன்.

முதலில் ரீல் கதை. 2021 கடைசியில் மச்சினன் மகள் முப்பது விநாடி எடுத்துப் போட்டாள். வாகை மரச் செக்கு சுற்றுகிறது, கடலை நசுங்குகிறது, எண்ணெய் ஒழுகுகிறது, அவ்வளவுதான். இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். ஒரு வாரம் போன் ஓயவில்லை. துபாய்க்கு அனுப்புவீர்களா என்று ஒருவர், செக்கு விலைக்குக் கிடைக்குமா என்று இன்னொருவர். அந்த மாதம் வெளியூருக்கு 23 பார்சல் போட்டோம். அதில் இரண்டு வழியிலேயே ஒழுகிவிட்டன. பெங்களூரு வாடிக்கையாளர் ஒருவர், அட்டைப்பெட்டி எண்ணெயில் ஊறி வாசற்படியில் நிற்பதைப் படம் எடுத்து அனுப்பினார். கூரியர்காரரைக் கேட்டால், "எண்ணெய் அனுப்புனா அது உங்க பொறுப்புங்க" என்றார். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பாட்டில் வாயில் அலுமினியத் தாள் ஒட்டுகிற சீல் மெஷின் ஒன்று வாங்கினேன். அந்த 23 பேரில் மறுபடி கேட்டவர்கள் நான்கு பேர். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு இரண்டரை கிலோ பருப்பு வேண்டும். அதில் நிற்கிற லாபத்தை கூரியருக்கே கொடுத்துவிட்டால் எனக்கு மிஞ்சுவது புண்ணாக்குதான்.

அந்தப் புகழில் மயங்கி, வீடியோ போடுகிற தம்பி ஒருவரைக் காசு கொடுத்து வரச் சொன்னேன். நல்லாத்தான் பேசினார். நடுவில், இந்த எண்ணெய் சாப்பிட்டால் சர்க்கரை நோய் ஓடிவிடும் என்று ஒரு போடு போட்டார். உணவுப் பொருள் விற்கிறவன் நோய் தீரும் என்று சொல்லக்கூடாது, லைசென்ஸுக்கே ஆபத்து. அந்த இடத்தை வெட்டச் சொல்லி மூன்று நாள் அவர் பின்னால் அலைந்தேன்.

பேஸ்புக்கில் காசு கட்டிப் போடுகிற விளம்பரத்தை அதே அளவுக்குக் குறை சொல்ல மாட்டேன். கடையைச் சுற்றி இருபது கிலோமீட்டர் என்று வட்டம் போட்டுக்கொள்ளலாம். தினம் 200 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. சும்மா நாளில் போட்டால் "விலை?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் காணாமல் போகிறார்கள். தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால், எண்ணெய்க் குளியலுக்கு நல்லெண்ணெய் என்று போட்டால் ஆள் வருகிறது. இப்போது வருஷத்துக்கு அந்தப் பத்து நாள் மட்டும்தான்.

கூகுள் மேப் அலுப்பான வேலை, ஆனால் செலவே இல்லை. நான் பதிந்தபோது தபாலில் ஒரு அட்டை வந்தது, அதிலிருந்த நம்பரை அடித்துச் சரிபார்த்தேன். கொடிவேரி அணைக்கு வருகிற வெளியூர்க் கார்கள் பெரும்பாலும் இதைப் பார்த்துத்தான் கடைக்குத் திரும்புகின்றன. அமாவாசை லீவை அதில் போட மறந்த ஒரு நாள், வந்து பூட்டைப் பார்த்தவர் ஒற்றை நட்சத்திரம் கொடுத்துவிட்டார். அது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

பேப்பருக்குள் வைத்த பிட் நோட்டீஸ் எனக்குச் சரிவரவில்லை. நோட்டீஸோடு வந்தால் நூறு மில்லி நல்லெண்ணெய் இலவசம் என்று 2,000 அடித்தேன். திரும்பி வந்தது 31, அதில் நான்கு ஒரே வீட்டிலிருந்து. மஞ்சப்பை பரவாயில்லை. கடை திறப்பதற்குக் கொஞ்சம் முன்னால், 2019 ஜனவரி முதல் தேதிதான் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தது, அதனால் துணிப்பையில் கடைப் பெயரை அச்சடித்தோம். சத்தியமங்கலம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் மடியில் அந்தப் பையைப் பார்த்து வந்ததாக நோட்டில் ஏழு வரி இருக்கிறது.

என் ஓட்டு காலண்டருக்கு. ஆடிப்பெருக்கை ஒட்டி சிவகாசியிலிருந்து காலண்டர் படங்களின் மாதிரி ஆல்பம் வந்துவிடும், வேண்டிய படத்தை அப்போதே சொல்லி வைக்க வேண்டும். முதல் வருஷம் 300 தினசரி காலண்டர் அடித்தேன், ஒன்று 42 ரூபாய். அச்சடிக்கும் முன் பிழை பார்க்கிற மாதிரிப் படிவத்தை, அதாவது புரூப்பை, பிரிண்டர் வாட்ஸப்பில் அனுப்பினார், நான் வண்டி ஓட்டிக்கொண்டே பார்த்து ஓகே போட்டேன். வந்து இறங்கிய காலண்டரில் போன் நம்பரில் ஒரு எண் மாறியிருந்தது. நானும் வீட்டுக்காரியும் இரண்டு ராத்திரி உட்கார்ந்து 300 காலண்டரிலும் ஸ்டிக்கர் ஒட்டினோம். ஆனால் ஆனி, ஆடியில்கூட போன் வருகிறது: "காலண்டர்ல நம்பர் பார்த்தனுங்க." ராகு காலம் பார்க்கிற வீட்டில் தினமும் ஒரு தடவையாவது நம் பெயர் கண்ணில் படுகிறதே. அதிலும் சமையல்கட்டுச் சுவரில் மாட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம், எண்ணெய் தீருகிற இடமே அதுதான்.

ஒரு சிக்கல், காலண்டரால் இன்று எள் ஆட்டுகிறோம் என்று சொல்ல முடியாது. அதற்கு வாட்ஸப் ஸ்டேட்டஸ். எள்ளோடு கருப்பட்டி போட்டு ஆட்டும்போது ஒரு படம் எடுத்துப் போட்டால் மத்தியானத்துக்குள் பத்துப் பதினைந்து லிட்டர் சொல்லிவிடுகிறார்கள். மொத்தமாக அனுப்புகிற பிராட்காஸ்ட்டில் ஒரு பட்டியலுக்கு 256 பேர்தான். அதுவும் நம் நம்பரைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்குத்தான் போகும். சேமிக்க வைப்பதுதான் பாடு. அதனால் பில் போடும்போதே, "நம்பரை சேவ் பண்ணிக்கோங்க, ஆட்டுற அன்னைக்குத் தெரியும்" என்று சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் நம்பியூர்ப் பக்கமிருந்து ஓர் அம்மா வந்தார். "ஏனுங்க தம்பி, பேரன் போன்ல காமிச்சானே, அந்தச் செக்கு இதுதானுங்களா?" என்று கேட்டார். ரீல் என்று நோட்டில் எழுதப் போனேன். "அதுக்கு முன்னாடியே எங்க சம்பந்தி வூட்டுக் காலண்டர்ல பார்த்திருக்கனுங்க" என்றார். இரண்டையும் எழுதினேன். இந்த வருஷம் 400 அடிக்கச் சொல்லியிருக்கிறேன், முருகன் படம்தான். புரூப்பை வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன்.