விவாகரத்துக்குப் பின் கடன்: ஐ.பி. போடுவதா, பேசி முடிப்பதா, கேஸ் வரட்டும் என்று இருப்பதா?

கடனில் மாட்டியவருக்கு ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் இலவசமாகக் கிடைக்கும் முதல் யோசனை, "மஞ்ச நோட்டீஸ் குடுத்துட்டு நிம்மதியா இருப்பா" என்பதுதான். விவாகரத்துக்காகப் பாரிமுனைக்கு அலைந்து பழகியவருக்கு அது இன்னும் சுலபமாகத் தோன்றும். ஐ.பி. எனும் திவால் மனுவுக்கும் அதே உயர் நீதிமன்ற வளாகத்துக்குத்தானே போக வேண்டும்!

ஆனால் விவாகரத்துக்குப் பின் மிஞ்சும் கடன் ஒரே ரகமாக இருப்பதில்லை. ஜீவனாம்ச பாக்கி, இருவர் பெயரிலும் இருக்கும் வீட்டுக் கடன், அடகில் கிடக்கும் நகை, பர்சனல் லோன், கிரெடிட் கார்டு, தினம் வசூலிக்கும் தண்டல் என்று கலந்து கிடக்கும். இதில் எந்த வழி எதைத் தொடும் என்று பார்த்தால்தான் ஒப்பிட முடியும்.

ஐ.பி.யை எடுத்துக்கொள்வோம். 2016-இல் வந்த புதிய திவால் சட்டத்தின் தனிநபர் பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களைத் தவிர மற்றவர்களுக்கு இன்னும் அமலுக்கு வரவில்லை. சென்னை நகரத்துக்கு 1909-ஆம் ஆண்டுச் சட்டம்தான். அதன் வயது அதன் எண்களிலேயே தெரியும்: 500 ரூபாய் கடன் இருந்தாலே மனு போடலாம், தொழில் கருவி, துணிமணி, பாத்திரம் என 300 ரூபாய் மதிப்புக்கு மட்டும் உங்களிடம் விட்டுவைப்பார்கள். மீதிச் சொத்து, திவாலானவர் சொத்தைப் பொறுப்பேற்கும் அதிகாரியான அஃபிஷியல் அசைனியின் கைக்குப் போகும். பதிலுக்குக் கிடைப்பது, ஈடு வாங்காமல் கடன் கொடுத்தவர்கள் கோர்ட் அனுமதியின்றி உங்கள் மேல் வழக்குப் போட முடியாது என்ற பாதுகாப்பு.

கடன் அத்தோடு போய்விடாது. விடுவிப்பு உத்தரவு என்று தனியாக ஒன்று வாங்க வேண்டும். அது கிடைத்தாலும் ஜீவனாம்ச உத்தரவும் அரசுக்குத் தர வேண்டியதும் அப்படியே நிற்கும். வீட்டை ஈடாக வைத்திருக்கும் வங்கியையும் அடகுக் கடையையும் இது தடுக்காது. ஜாமீன் கையெழுத்துப் போட்ட மச்சானுக்கும் விடுதலை இல்லை. விவாகரத்துத் தீர்ப்பில் "வீட்டுக் கடனைக் கணவர் கட்டுவார்" என்று எழுதியிருந்தாலும் வங்கியை அது கட்டுப்படுத்தாது, அவர் ஐ.பி. போட்டால் முழுத் தவணைக்கும் வங்கி முன்னாள் மனைவியிடம் வரும். முடிந்துபோன சண்டை மறுபடி ஆரம்பிக்கும். மனுவுக்கு முன்னால் அவசரமாக வீட்டைத் தங்கை பெயருக்கு மாற்றுவதும் வேண்டாம். இரண்டு வருடத்துக்குள் சும்மா எழுதிக்கொடுத்த சொத்தைத் திரும்ப எடுக்கச் சட்டத்தில் இடமுண்டு.

எம்.சி. ரோட்டில் துணிக்கடை நடத்தி நொடித்து, பல பேருக்குப் பாக்கி வைத்து, கையில் ஒன்றும் இல்லாதவருக்கு ஐ.பி. பொருந்தலாம். மாதச் சம்பளக்காரருக்கு நான் சொல்ல மாட்டேன்.

பேசி முடிப்பது பர்சனல் லோனுக்கும் கார்டுக்கும் நன்றாக வேலை செய்யும். குறைத்த தொகையை மொத்தமாகவோ சில தவணைகளிலோ கட்ட வேண்டும். கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் 'செட்டில்டு' என்று விழும், அடுத்த கடன் கஷ்டம்தான். பரவாயில்லை, இப்போது அடுத்த கடனா முக்கியம்? குறைத்த தொகைக்கு ஒப்புக்கொண்டதாக வங்கியின் கடிதம் கைக்கு வராமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். ஏஜென்ட் வாய்வார்த்தை செல்லாது. பணத்துக்கு, அடகு நகை ஏலம் போகுமுன் மீட்டு விற்பது ஒரு வழி. கேஸ் ஏற்கெனவே கோர்ட்டில் இருந்தால் லோக் அதாலத்தில் முடிக்கலாம், கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்ப வரும். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்ட உதவி இலவசம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

கேஸ் வரட்டும் என்று இருப்பது கேட்கப் பயமாக இருந்தாலும், சொத்து இல்லாத சம்பளக்காரருக்கு அவ்வளவு மோசமில்லை. சாதாரணக் கடன் தீர்ப்பில் சம்பளத்தின் முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது, பி.எஃப்., கிராஜுவிட்டியும் பத்திரம். உண்மையிலேயே கட்ட வழியில்லாதவரைக் கடனுக்காக மட்டும் சிறையில் போட முடியாது என்று 1980-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வசூல்காரர்கள் காலை 8-க்கு முன்னும் மாலை 7-க்குப் பின்னும் போன் செய்யக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆனால் ஜீவனாம்சம் வேறு கதை. வசதி இருந்தும் கட்டாமல் விட்டால் உள்ளே போகலாம், சம்பளத்திலும் பெரும்பங்கைப் பிடிக்கலாம். செக் கொடுத்து வாங்கிய கடனும் அப்படித்தான், செக் பணமில்லாமல் திரும்பினால் கிரிமினல் வழக்கு வரும். கையில் வரும் பணம் முதலில் இந்த இரண்டுக்கும் போகட்டும், கார்டு கடைசி.

தண்டலுக்கு மூன்று வழியுமே சரிப்படாது. காசிமேட்டிலோ வியாசர்பாடியிலோ தினம் வாசலுக்கு வருபவர் கோர்ட் கடிதத்தைப் படிக்கப் போவதில்லை. அவருக்கு எதிராக இருப்பது 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அநியாய வட்டித் தடைச் சட்டம். தண்டல், மீட்டர் வட்டி, கந்து வட்டி எல்லாம் அதில் பெயர் சொல்லியே இருக்கின்றன, மூன்று வருடம் வரை சிறை. போலீஸுக்குப் போகுமுன், இதுவரை கட்டியதைத் தேதி வாரியாக ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வெற்றுப் பத்திரத்திலோ செக்கிலோ கையெழுத்து வாங்கியிருந்தால் அதைப் புகாரின் முதல் வரியிலேயே சொல்லுங்கள்.