போகும் வழி போட்டாச்சு, திரும்பும் வழி?

மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஸூரில் சொந்தமாக ரூட் டேபிள் (எந்த முகவரிக்கான டிராஃபிக் எந்த வழியாகப் போக வேண்டும் என்ற பட்டியல்) எழுத ஆரம்பித்து மூன்று வருடம் ஆகிறது. எங்கள் தேவை சின்னதுதான்: நெட்வொர்க்கின் இரண்டு பகுதிகளான வெப் சப்நெட்டுக்கும் டேட்டாபேஸ் சப்நெட்டுக்கும் நடுவில் ஓடும் எல்லாம் ஒரு லினக்ஸ் ஃபயர்வாலைத் தாண்டித்தான் போக வேண்டும். மொத்த நெட்வொர்க் 10.1.0.0/16. வெப் 10.1.1.0/24, டேட்டாபேஸ் 10.1.2.0/24, ஃபயர்வால் 10.1.0.4. (ஒவ்வொரு சப்நெட்டிலும் முதல் நான்கு முகவரியையும் கடைசி ஒன்றையும் அஸூரே எடுத்துக்கொள்ளும். நமக்குக் கிடைப்பது 4-லிருந்துதான்.)

முதல் நாள் 0.0.0.0/0-ஐ, அதாவது எல்லா முகவரிக்குமான ரூட்டை, ஃபயர்வால் பக்கம் திருப்பிவிட்டு, வேலை முடிந்தது என்று டீ குடிக்கப் போய்விட்டேன். வந்து பார்த்தால் லாகில் இணையத்துக்குப் போகிற டிராஃபிக் மட்டும் இருக்கிறது. டேட்டாபேஸ் டிராஃபிக்கைக் காணோம். நாம் எதுவும் எழுதாமலே 10.1.0.0/16-க்கு ஒரு சிஸ்டம் ரூட் உண்டு. சப்நெட்டுகள் நேரடியாகப் பேசிக்கொள்வது அதை வைத்துத்தான். எந்த ரூட்டின் ப்ரிஃபிக்ஸ் நீளமோ (சாய்கோட்டுக்குப் பின்னால் உள்ள எண் பெரிதோ) அதுவே ஜெயிக்கும் என்பதால், /0-ஆல் /16-ஐ அசைக்க முடியாது. 10.1.2.0/24 என்று தனி ரூட் எழுதினேன். லாகில் பாக்கெட் தெரிந்தது.

ஆனால் கனெக்ஷன் டைம்அவுட். பிங் மட்டும் ஜோராகப் போகிறது. இதில் ஒரு முழு நாள் போனது. ஐபி ஃபார்வர்டிங்கை (தனக்கு வராத பாக்கெட்டை அடுத்த இடத்துக்குக் கடத்திவிடுவதை) சந்தேகப்பட்டேன்; அதை நெட்வொர்க் கார்டு அமைப்பிலும் லினக்ஸுக்குள்ளும், இரண்டு இடத்திலும் இயக்க வேண்டும். இரண்டும் சரியாகவே இருந்தன. கடைசியில் பார்த்தால், ரூட் டேபிளை வெப் சப்நெட்டோடு மட்டும் இணைத்திருக்கிறேன். போகும் பாக்கெட் ஃபயர்வால் வழியாக, பதில் நேராக. கனெக்ஷனைத் தொடங்கும் சின் பாக்கெட்டை ஃபயர்வால் பார்த்தது, அதற்கு வந்த பதிலைப் பார்க்கவில்லை. அடுத்து வந்த ஏசிகே-யை (பதில் கிடைத்தது என்ற ஒப்புதலை) கணக்கில் சேராதது என்று கீழே போட்டுவிட்டது. பிங்குக்கு இந்தச் சடங்கெல்லாம் கிடையாது. அது பாட்டுக்கு ஓடி என்னை ஏமாற்றியது. டேட்டாபேஸ் சப்நெட்டில் 10.1.1.0/24-க்கு எதிர்த்திசை ரூட் போட்டதும் தீர்ந்தது.

அடுத்த அடி இரண்டாம் வருடம். கெர்னல் அப்டேட்டுக்காக ஃபயர்வாலை ரீபூட் செய்தோம். அது எழுந்து வரும்வரை சைட் படுத்துவிட்டது. ரூட்டில் நாம் எழுதும் நெக்ஸ்ட் ஹாப் (பாக்கெட் அடுத்துப் போக வேண்டிய இடம்) என்பது வெறும் முகவரி. அங்கே ஆள் இருக்கிறாரா என்று ரூட் பார்க்காது. அப்புறம் இரண்டு ஃபயர்வாலை, டிராஃபிக்கைப் பகிர்ந்து கொடுக்கும் இன்டர்னல் லோட் பேலன்ஸருக்குப் பின்னால் வைத்து, அதன் முகவரியையே நெக்ஸ்ட் ஹாப்பாக மாற்றினோம். அதன் ஹெல்த் ப்ரோப் (ஃபயர்வால் உயிரோடு இருக்கிறதா என்ற சோதனை) 168.63.129.16-லிருந்து வரும், ஃபயர்வாலில் அதை அனுமதிக்க மறந்தால் இரண்டு ஃபயர்வாலும் செத்ததாகவே கணக்கு.

தினசரி எனக்குக் கை கொடுப்பது எஃபெக்டிவ் ரூட்ஸ் பக்கம். எந்த ரூட் நிஜமாக அமலில் இருக்கிறது என்று காட்டும், விஎம் (மெய்நிகர் கணினி) ஓடிக்கொண்டிருந்தால். வெறும் போர்ட்டை அடைப்பதுதான் நோக்கம் என்றால் என்எஸ்ஜி (எந்த டிராஃபிக்கை விடலாம், எதைத் தடுக்கலாம் என்ற அஸூரின் விதிப் பட்டியல்) போதும், இந்த வம்பே வேண்டாம். எங்களுக்கு ஆடிட்டில் பாக்கெட் சோதனை கேட்டார்கள், வேறு வழியில்லை.

போன மாதம் ரெடிஸ் என்ற டேட்டாபேஸுக்கு ஒரு சப்நெட் சேர்த்தோம். “பிங் போகுது அண்ணா, கனெக்ட் ஆகல” என்று வந்து நின்றார் புதிதாகச் சேர்ந்த தம்பி. எந்த சப்நெட்டில் டேபிளை இணைக்கவில்லை என்று மட்டும் கேட்டேன்.