வீட்டிலேயே விடைகொடுத்தல்: ஒரு கால்நடை மருத்துவச் சேவையைப் பற்றி

14 ஆண்டுகள் எங்களோடு வாழ்ந்த எங்கள் நாய் மணிக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்து, இனி மருத்துவத்தால் பயனில்லை என்று தெரிந்தபின், வீட்டுக்கே வந்து வலியின்றி உயிர் பிரியச் செய்யும் கால்நடை மருத்துவச் சேவை ஒன்றை நாடினோம். அந்த அனுபவத்தின் நிறையையும் குறையையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பாராட்ட வேண்டியது, ஊசி போடுவதற்குப் பத்து நாள் முன்னதாகவே மருத்துவர் வந்து, தரையில் மணியின் அருகில் அமர்ந்து, ஒரு மணி நேரம் எங்களோடு பேசியதைத்தான். இந்த நோயை அதன் போக்கில் விட்டால் இரத்தத்தில் கழிவுகள் சேர்ந்து ஓயாத வாந்தியும் வாய்ப்புண்ணும், சில வேளைகளில் வலிப்பும் வரும் என்பதை அவர் மறைக்காமல் சொன்னார். ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற கால்நடைப் புற்றுநோய் மருத்துவர், நோயுற்ற விலங்கின் வாழ்க்கைத் தரத்தை மதிப்பிட வகுத்த அளவுகோலையும் விளக்கினார். வலி, பசி, நீர்ச்சத்து, தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் மிகுதியா என்ற ஏழுக்கும், நிலை நன்றாக இருந்தால் கூடுதலாக, பத்துக்கு இத்தனை என மதிப்பெண் இட வேண்டும். மொத்தம் 35-க்கு மேல் இருந்தால் பராமரிப்பைத் தொடரலாம். வீட்டில் ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதுமாறு அவர் சொன்னதன் பொருள் எனக்குப் பிறகுதான் விளங்கியது. வால் அசைவதை மட்டும் பார்த்து மகிழ்ச்சிக்கு நான் 7 போட்ட நாளில், இரவெல்லாம் மணியைத் துடைத்துவிட்டுக் கண்விழித்திருந்த என் மகள் 3 போட்டிருந்தாள்.

குறித்த நாளில், மணி வழக்கமாகப் படுக்கும் விரிப்பிலேயே முதலில் மயக்க ஊசி போடப்பட்டது. அது ஆழ்ந்து உறங்கிய பின்னரே காலில் சிறு குழாய் பொருத்தி, பென்டோபார்பிட்டால் என்ற மருந்தை அளவு கூட்டிச் செலுத்தினார்கள். நினைவு முற்றிலும் அடங்கி, பின் மூச்சும் இதயமும் நிற்கச் சில நிமிடங்களே ஆயின. கண்கள் மூடாமல் போகலாம், தசைகள் துடிக்கலாம், சிறுநீர் கசியலாம் என்று முன்பே சொல்லி வைத்திருந்ததால், இதயம் நின்றபின் மூச்சு இழுப்பதுபோன்ற ஓர் அசைவு வந்தபோது நாங்கள் பதறவில்லை. மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டு, சற்றுப் பொறுத்து மறுபடியும் கேட்ட பிறகே எங்களிடம் சொன்னார்.

குறைகளுள் முதன்மையானது, ஒப்புதல் படிவத்தையும் கட்டண விவரத்தையும் மயக்க ஊசி போட்டபின் உதவியாளர் நீட்டியது. மணியின் தலையை மடியில் வைத்திருக்கும் ஒருவரிடம் கையெழுத்துக் கேட்பது சரியன்று. பத்து நாள் முன்பே அதை முடித்திருக்கலாம். தொலைபேசியில் பேசிய பணியாளர் என் பேரன் காதுபடத் ‘தூங்க வைப்பது’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கருணைக்கொலை என்ற சொல் கடுமையாகத் தோன்றினாலும், ஐந்து வயதுக் குழந்தையிடம் இறப்பை உறக்கம் என்றால் அவன் படுக்கப் போகவே அஞ்சுவான்; எங்கள் வீட்டில் இரண்டு இரவுகள் அப்படித்தான் கழிந்தன.

உடல் அடக்கம் பற்றி நாங்களாகக் கேட்கும்வரை எவரும் வாய் திறக்கவில்லை. செலுத்திய மருந்து உடலில் நெடுநாள் தங்குவதால், மேலாகப் புதைத்த உடலைத் தோண்டித் தின்னும் விலங்கும் பறவையும் நஞ்சேறிச் சாகக்கூடும். ஆகவே ஆழமாகப் புதைக்க வேண்டும், அல்லது எரிக்க வேண்டும். தோட்டத்தில் புதைக்க எண்ணியிருந்த நாங்கள் கடைசி நேரத்தில் எரியூட்டலுக்கு அலைய நேர்ந்தது.

இத்தனைக்கும், எங்கள் மற்றொரு நாய் வந்து மணியை முகர்ந்து பார்த்துத் தானாக விலகிச் செல்லும்வரை உடலை எடுக்காமல் காத்திருந்தார் அந்த மருத்துவர். அந்த நாய்க்கும் வயதாகிறது. அதன் நேரம் வரும்போது இவரையே அழைப்பேன். ஆனால் படிவத்தை முதல் சந்திப்பிலேயே கேட்டு வாங்கிக் கையெழுத்திட்டுவிடுவேன்.