எம்பி3யா, ஃப்ளாக்கா?

பழைய சிடிகளைக் கணினியில் ஏற்ற உட்கார்ந்தால் முதல் கேள்வி இதுதான்: பாட்டை எந்தக் கோப்பு வகையில் சேமிப்பது, எம்பி3யிலா, ஃப்ளாக்கிலா? எம்பி3, காதுக்கு எளிதில் எட்டாத ஒலிகளைக் கழித்துவிட்டுச் சுருக்கும். கழித்தது திரும்ப வராது. ஃப்ளாக் எதையும் கழிப்பதில்லை. ஆனால் இடம் கேட்கும்: ஐந்து நிமிடப் பாட்டு 320 கேபிபிஎஸ் (நொடிக்கு இத்தனை கிலோபிட்) எம்பி3யில் 12 மெகாபைட், ஃப்ளாக்கில் ஏறக்குறைய 30.

பேருந்து இரைச்சலில் எனக்கு வித்தியாசம் தெரிந்ததில்லை, பொய் சொல்லக் கூடாது. ஆனாலும் சேகரிப்புக்கு ஃப்ளாக்தான். அதிலிருந்து எம்பி3 எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். எம்பி3யை ஃப்ளாக்காக மாற்றினால் கோப்புதான் வீங்கும், ஒலி தேறாது. முன்பு 128 கேபிபிஎஸ்ஸில் ஏற்றி வைத்த பாட்டுகளில் ஜால்ரா, தண்ணீருக்குள் தட்டியதுபோல் கேட்கிறது. மறுபடி ஏற்றலாம் என்றால் சிடி முழுக்கக் கீறல்.

கார் ஸ்டீரியோ பழசா, ஃப்ளாக் ஓடவில்லையா? சரி, அதற்கு மட்டும் பென்டிரைவில் எம்பி3.