எலும்பு அடர்த்தி: குதிகால் அல்ட்ராசவுண்டா, டெக்ஸா ஸ்கேனா?

முகாம்களில் குதிகாலில் ஜெல் தடவிப் பார்ப்பது அல்ட்ராசவுண்ட். குதிகால் எலும்பின் உட்பகுதி பெரும்பாலும் பஞ்சு மாதிரித் துளைகள் நிறைந்தது. அதனால்தான் அந்த இடம். ஒரு பக்கம் ஒலியை அனுப்பி மறுபக்கம் பிடிக்கிறார்கள். அது எவ்வளவு வேகமாக வருகிறது, சுமார் 0.2 முதல் 0.6 மெகாஹெர்ட்ஸ் வரை அதிர்வெண் ஏற ஏற ஒலி எவ்வளவு கூடுதலாக வலு இழக்கிறது என்று இரண்டு கணக்கு. எலும்பு மெலிந்தால் பொதுவாக இரண்டுமே குறையும். கதிர்வீச்சு கிடையாது, கருவியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகலாம்.

டெக்ஸா எக்ஸ்ரே வகை. இடுப்பையும் முதுகெலும்பையும் நேரடியாகவே அளக்கும், கதிர்வீச்சும் சொற்பம்தான். டி-ஸ்கோர் என்பது நம் எலும்பு அடர்த்தியை ஆரோக்கியமான இளவயதினரோடு ஒப்பிடும் எண்; எலும்பு மெலிவு நோய் என்று சொல்ல வைத்த மைனஸ் 2.5 என்ற எல்லை டெக்ஸாவுக்கு வகுத்தது. குதிகால் எண்ணை அதோடு வைத்துப் பார்த்துப் பயப்படுவது வீண். பாதம் வீங்கியிருந்தாலோ சில்லிட்டிருந்தாலோகூட அந்த எண் மாறலாம். எலும்பு மெலிவுக்கு மாத்திரை தொடங்குவதா என்று முடிவெடுக்க டெக்ஸாதான் சரி.