15 வகை பூ விதை காம்போ – பத்து மாசம் வளத்துப் பாத்துட்டு எழுதுற ரிவ்யூ

போன ஆடில ஆன்லைன்ல ஒரு பூ விதை காம்போ வாங்குனேன், 15 பாக்கெட், 349 ரூவா, டெலிவரி ஃப்ரீ. பார்சல் கைக்கு வந்த அன்னைக்கே அஞ்சு ஸ்டார் போட்டு "சூப்பர் பேக்கிங்"னு எழுதுறவங்களப் பாத்தா எனக்கு ஆத்திரமா வரும், விதைக்கு என்னங்க பேக்கிங், முளைச்சுச்சா பூத்துச்சா அதச் சொல்லுங்க. அதான் பொறுத்திருந்து ஆடில ஒருவாட்டி தைல ஒருவாட்டினு ரெண்டு தடவ போட்டுப் பாத்துட்டு இப்ப எழுதுறேன். கம்பெனி பேர் போடல, போட்டாலும் பிரயோஜனம் இல்ல, அதே படம் போட்ட அதே பாக்கெட் நாலு வேற வேற பேர்ல விக்கிறத நானே பாத்தேன்.

முதல்ல எங்க வீட்டு நெலமையச் சொல்லிர்றேன், இல்லாட்டி உங்க ஊருக்கு ஒத்து வருமானு தெரியாது. மதுரை திருநகர்ல மாடி வீடு, மொட்ட மாடில நின்னா திருப்பரங்குன்றம் மலை தெரியும், நடுவுல நெழலுக்கு ஒரு மரம் கெடையாது, காலைல ஏழு மணிக்கு ஏறுற வெயில் சாயங்காலம் அஞ்சர வரைக்கும் மாடிலதான் குடியிருக்கும். போர் தண்ணி உப்பு. பெயிண்ட் வாளி, கிழிஞ்ச க்ரோ பேக், மீன் கடைல இருந்து வாங்கிட்டு வந்த தெர்மாகோல் பெட்டி, இதுதான் என் தோட்டம்.

பாக்கெட்டப் பத்தி. முன்னாடி பளபளன்னு கலர் படம், பின்னாடி "வெயில்ல வைக்கவும், தண்ணி ஊத்தவும்" அம்புட்டுத்தான். ஒத்தக்கடை வேளாண் கல்லூரில படிச்ச எங்க சித்தப்பா பையன் வந்தப்ப காமிச்சேன், திருப்பித் திருப்பிப் பாத்துட்டு "அக்கா, முளைப்புத் திறன் எத்தன சதவீதம், எப்ப டெஸ்ட் பண்ணாங்க, எது வரைக்கும் செல்லும், ஒன்னுமே இல்லையே, இத எந்த நம்பிக்கைல வாங்குன"னான். படத்த நம்பித்தான்டா வாங்குனேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு.

சரி, ஜின்னியாவுக்கு வருவோம், நான் வாங்குனதே அதுக்காகத்தான். பாக்கெட்ல 30 விதைனு போட்டிருந்துச்சு, வெள்ளத் துணில கொட்டி எண்ணுனா 22. அதுல அஞ்சு வெறும் பதரு, நகத்தால அமுக்குனா உள்ள ஒன்னும் இல்ல, நல்ல விதைன்னா அம்பு முனை மாதிரி இருக்கும், அமுக்குனா கெட்டியா நிக்கும். ஆக 17. செம்மண் ரெண்டு பங்கு, அலசுன கோகோபீட் (தேங்கா நார்த் தூள்) ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, ஒரு கை வேப்பம்புண்ணாக்கு, இத கலந்து வாளிலயே நேரா ஊனுனேன். நாத்து விட்டுப் புடுங்கி நட வேணாம், ஜின்னியாவுக்கு வேர அசைச்சா புடிக்காது, ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிரும். ஆழமும் அர இஞ்சுக்கு உள்ளதான். நாலாம் நாள் காலைல பாத்தா மண்ணப் பொளந்துக்கிட்டு பச்சையா ரெண்டு எல, அடுத்த ரெண்டு நாள்ல மொத்தம் 14 வந்துருச்சு. 17க்கு 14 நல்ல கணக்குத்தான், அத ஒத்துக்கணும். ரெண்ட அணில் நோண்டிருச்சு, அது கம்பெனி தப்பு இல்ல.

நாலு ஜோடி எல வந்ததும் நுனியக் கிள்ளணும். எனக்கு மனசே வரல, நல்லா நிமுந்து வர்ற செடிய எப்படிக் கிள்றதுனு ஆறு செடிய மட்டும் கிள்ளிட்டு ஆற அப்படியே விட்டேன். கிள்ளாதது ஒத்தக் கம்பா நெட்டையா வளந்து ஒரு பூ பூத்துட்டு காத்துல சாஞ்சுச்சு, கிள்ளுனது எல்லாம் நாலு அஞ்சு கெளையா பிரிஞ்சு, ஒவ்வொன்னுலயும் ஏழு எட்டு பூவுக்கு மேல ஒரே நேரத்துல. அன்னைல இருந்து யோசிக்கிறதே இல்ல, கண்ண மூடிக்கிட்டு கிள்ளிர்றது.

ஐம்பத்தஞ்சாம் நாள் முதல் பூ. ரோஸ். சரினு பாத்தா ரெண்டாவதும் ரோஸ், மூணாவதும் ரோஸ். படத்துல ஏழு கலர், வெள்ளை, ஊதா, செவப்புனு அடுக்கி வச்சிருந்தாங்க, எனக்கு வந்த 12ல எட்டு ரோஸ், ரெண்டு ஆரஞ்சு, ஒரு செவப்பு, ஒரு மஞ்ச. "மிக்ஸ்"னு போட்டா இதான் போல. படத்துல டாலியா கணக்கா அடுக்கடுக்கா இருந்துச்சு, வந்ததுல பாதிக்கு மேல ஒத்த அடுக்கு. அதுவும் அழகுதான், நடுவுல சின்னச் சின்ன மஞ்ச நட்சத்திரம் மாதிரி மொட்டு வட்டமா விரியும், அதுலதான் பட்டாம்பூச்சி வந்து உக்காரும், அடுக்குப் பூவுக்கு அம்புட்டு வர்றதில்ல. ஆனா காசு வாங்குனது அடுக்குப் பூ படத்தக் காட்டி, அதுக்கு ஒரு ஸ்டார் கட்.

எங்க அத்தைக்கு ஆரம்பத்துல இருந்தே இது புடிக்கல. "ஏத்தா, மதுரைல இருந்துக்கிட்டு வாசம் இல்லாத பூவ எதுக்கு வளக்குற, அந்த எடத்துல ரெண்டு மல்லிச்செடி வச்சா தலைக்காவது ஆகும்ல." அவங்க சொல்றதும் ஞாயம்தான், 2013ல மல்லிக்கு புவிசார் குறியீடே வாங்குன ஊரு இது, இங்க வாசன இல்லாத பூன்னா எளப்பம்தான். ஆனா ஐப்பசில ஒரு வெள்ளிக்கிழம பூக்காரம்மா வரல, கீழ எறங்கி வந்தா சாமி படத்துல நாலு ரோஸ் ஜின்னியா, நடுவுல அந்த ஒரே ஒரு செவப்பு. நான் ஒன்னும் கேக்கல, அவங்களாத்தான் சொன்னாங்க, "பாக்கத்தான் அம்புட்டு அழகா இருக்கு, சாமியும் பாத்துக்கிரட்டும்"னு.

வெட்டி ஜாடில வைக்கிறவங்களுக்கு ஒரு விஷயம், பூவுக்கு ஒரு சாண் கீழ தண்டப் புடிச்சு லேசா ஆட்டிப் பாருங்க, தண்டு வெறைப்பா நின்னா வெட்டலாம், பூ தலைய ஆட்டுச்சுன்னா இன்னும் ரெண்டு மூணு நாள் விடுங்க. இது தெரியாம வெட்டுனப்ப எல்லாம் ராத்திரிக்குள்ள தொங்கிருச்சு. சரியா வெட்டுனா ஒரு வாரம் நிக்குது. வெட்ட வெட்ட கீழ இருந்து கெளை வெடிச்சு பூக்கும், காஞ்ச பூவ விட்டு வச்சா விதை கட்டப் போயி பூக்குறது கொறஞ்சிரும்.

நோய் விஷயத்துல நான் பட்டது நெறைய. ஐப்பசி மழைல மண்ணு தெறிச்சு அடி எலைல எல்லாம் காப்பிக் கலர் புள்ளி, மார்கழிப் பனிக்கு எல மேல சாம்பலத் தூவுன மாதிரி வெள்ளையா படிஞ்சிருச்சு. ஒரு வாளில ரெண்டு செடி நெருக்கி வச்சது என் தப்பு, காத்து போகல, அது போக நான் ஹோஸ் புடிச்சு தலையோட தண்ணி அடிச்சிட்டு இருந்தேன். அதுக்கப்புறம் காலைல மட்டும், அடில மட்டும் தண்ணி, செடிக்குச் செடி ஒரு அடி எடவெளி, புள்ளி விழுந்த எலைய அன்னைக்கே கிள்ளி எறிஞ்சிர்றது. லிட்டருக்கு அஞ்சு மில்லி வேப்பெண்ண கொஞ்சம் சோப்புத் தண்ணியோட கலந்து சாயங்காலத்துல அடிச்சேன், முத்திப்போனது தேறல, புதுசா வந்த எல தப்பிச்சிச்சு. தைல போட்ட செட்டு இந்தத் தொல்லையே இல்லாம பங்குனில மாடிய நெறச்சிருச்சு. விண்வெளி நிலையத்துலயே ஜின்னியா வளத்து 2016 ஜனவரில பூக்க வச்சாங்க, அதுலயும் ஈரம் கூடிப் போயி பூஞ்சை புடிச்சு அப்பறம்தான் தேறுச்சாம், அதப் படிச்சதும் எனக்கு ஒரே ஆறுதல், நாசாவுக்கே அப்படின்னா எங்க பெயிண்ட் வாளிக்கு என்ன.

இன்னொன்னு, ஜின்னியாங்கிற இந்தப் பேரு யாரு பேருன்னு தெரியுமா, ஜின் னு ஒரு ஜெர்மன்காரர், கண்ணுக்குள்ள என்னென்ன இருக்குனு அறுத்துப் பாத்து எழுதுனவரு, 1759ல 31 வயசுலயே செத்துட்டாரு. செடி மெக்சிகோ செடி, பேரு மட்டும் இவரோடது. ஆப்டோமெட்ரி (கண் பார்வை பரிசோதிக்கிற படிப்பு) படிக்கிற என் அக்கா பொண்ணு மாடிக்கு வந்தப்பதான் சொன்னா, கண்ணுல லென்ஸத் தாங்கிப் புடிக்கிற நாருக்கும் இவரு பேருதானாம், "சித்தி, பரீட்சைக்கு மனப்பாடம் பண்ண ஆள நீங்க வாளில வளக்குறீங்க"ன்னா.

மத்த பாக்கெட்டு. வாடாமல்லி விதைய ராத்திரி ஊற வச்சுப் போட்டேன், லேட்டா முளைச்சாலும் இன்னைக்கு வரைக்கும் நிக்குது, உப்புத் தண்ணிக்கும் அசரல. கோழிக்கொண்டை, செண்டுப்பூ ரெண்டும் கொறையில்ல. காசித்தும்பை முளைச்சிச்சு, ஆனா அது எங்க அம்மா வீட்டு மேலூர் வாசல்ல தானா வெடிச்சுச் சிதறி தானா வளர்ற செடிங்க, அதுக்குப் போயி காசு குடுத்தேனேனு இருந்துச்சு. டேபிள் ரோஸ் விதை தூசி மாதிரி, மண்ணு போட்டு மூடாம மேலாப்ல தூவுனா வருது, மூடுனா வராது, இந்த ஒரு வரிய பாக்கெட்ல அச்சடிச்சா என்ன கொறஞ்சு போயிரும். காஸ்மாஸ் தான் பெரிய ஏமாத்து, படத்துல ரோஸும் வெள்ளையுமா மெல்லிசு எல, வந்தது ஆரஞ்சு காஸ்மாஸ், அது வேற ஜாதியே. வெயிலுக்கு நல்லா நிக்கும்ங்கிறதால விட்டுட்டேன்.

இனிமே கோவமா எழுதுறேன், பொறுத்துக்கங்க. பேன்சி, பெட்டூனியா, ஸ்னாப்டிராகன், ஆஸ்டர், இன்னும் ரெண்டு மூணு குளிர் ஊரு செடி, ஆக மொத்தம் பதினஞ்சுல ஏழு பாக்கெட் இப்படி. இதெல்லாம் கொடைக்கானல்ல பாக்க வேண்டிய செடி, ஆடி மாச மதுரை மொட்ட மாடில பேன்சி முளைக்குமா. "எல்லா சீசனுக்கும் ஏற்றது"னு அட்டைல போட்டிருக்கான். ஏழுலயும் சேத்து மூணு பெட்டூனியா நாத்து வந்துச்சு, நூல் மாதிரி, ஒரே வாரத்துல அடி அழுகிப் படுத்துருச்சு. கார்த்திகைல மிச்சத்தப் போட்டேன், ஆஸ்டர்ல நாலு வந்துச்சு, அம்புட்டுத்தான்.

கஸ்டமர் கேர்ல வாட்ஸ்அப் போட்டேன். "மேடம் எங்க விதை நூறு சதவீதம் குவாலிட்டி, தண்ணி ஜாஸ்தியா ஊத்துங்க"ன்னு பதில். அழுகிச் செத்ததுக்கு இன்னும் தண்ணியா. போட்டோ அனுப்புனதும் ரெண்டு நாள் பேச்சு மூச்சு இல்ல, அப்பறம் ஃப்ரீயா ஒரு பாக்கெட் அனுப்பி வச்சாங்க, பிரிச்சுப் பாத்தா மறுபடியும் பேன்சி.

ஒப்பிட்டுப் பாக்கணும்னு தைல டவுன்ல ஒரு விதைக்கடைல ஜின்னியா மட்டும் 20 ரூவாய்க்கு வாங்குனேன். வெறும் காயிதப் பொட்டலம், படமே இல்ல. கடைக்காரர் "எங்கம்மா வைக்கப் போறீங்க, மாடியா தரையா"னு கேட்டுட்டு, "பேன்சி கீன்சி கேக்காதீங்க, இந்த ஊருக்கு ஜின்னியா, வாடாமல்லி, கோழிக்கொண்டை போதும்"னு சொல்லித்தான் குடுத்தாரு. 25 விதைல 20 முளைச்சிச்சு, அதுலயும் ரோஸ் தான் ஜாஸ்தி, ஆனா ரெண்டு வெள்ளை வந்துச்சு. அந்த 20 ரூவா பொட்டலத்துக்கு அஞ்சுக்கு நாலர குடுப்பேன், அர கொறச்சது பொட்டலத்துல தேதி இல்லாததுக்கு.

காம்போவுக்கு ரெண்டர. ஜின்னியா, வாடாமல்லி, கோழிக்கொண்டை, செண்டுப்பூ நாலும் காப்பாத்திருச்சு, அது இல்லாட்டி ஒன்னு கூட குடுத்திருக்க மாட்டேன். கொடைக்கானல், ஊட்டி பக்கம் இருக்கவங்களுக்கு மிச்ச பாக்கெட் பிரயோஜனப்படலாம். மதுரை, மேலூர், திருமங்கலம் பக்கம்னா தனித்தனியா வாங்குங்க, கணக்குப் போட்டா அதுதான் மலிவு.

இந்த ஆடிக்கு நான் விதை வாங்கல. பூவ செடிலயே காப்பிக் கலரா மொறமொறன்னு காய விட்டு, இதழப் புடிச்சு இழுத்தா அடில ஒட்டிக்கிட்டே விதை வருது, ஒரு பூவுல இருந்தே ஒரு வாளிக்கு மேல தேறும். ஹைபிரிட்ல (ரெண்டு ரகத்த கலந்து உண்டாக்குன செடில) எடுத்த விதைன்னா அதே கலர் அதே அடுக்கு வரும்னு சொல்ல முடியாது, வர்றது வரட்டும். ரெண்டு ஹார்லிக்ஸ் பாட்டில் நெறைய இருக்கு, திருநகர் பக்கம் யாராச்சும் கேட்டா ஒரு பிடி தாரேன், ரோஸ் தான் வரும், வெள்ளை கேக்காதீங்க, அத அத்தை தனியா எடுத்து முடிஞ்சு வச்சுக்கிட்டாங்க.